கப்ராலுக்கு ஊசி போட்டது பத்தி

மகனே,

நீ இந்தத் தடவை 'அன்புள்ள அம்மா'ன்னு ஆரம்பிக்கல. அதனால நானும் சுகம், நலம், வேண்டுதல்னு எதையும் போடாம நேரா விஷயத்துக்கு வர்றேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. பொறந்ததுலேருந்து என்னை 'நீ'ன்னு கூப்பிட்டவன், மூணு பக்கமும் 'நீங்கள்', 'நீங்கள்'னு எழுதியிருக்கே. ஏதோ சர்க்கார் ஆபீசுக்கு எழுதுற மாதிரி இருக்கு. மொத ரெண்டு பக்கத்துல, வர்ற மே மாசம் உனக்குக் கல்யாணம், பொண்ணு அந்த ஊர்க்காரி, அங்க முனிசிபாலிட்டியில கையெழுத்துப் போட்டு முடிக்கப் போறீங்க, நான் சிரமப்பட்டு வர வேண்டாம்னு இருந்துச்சு. சரி. மூணாம் பக்கத்துல, உன் கையெழுத்துக்கு மேல ஒரே ஒரு வரி: 'என் நாயைக் கொன்றுவிட்டீர்கள், என்னைக் கேட்காமலே.' கல்யாணத்துக்குக் கூப்பிடாததைக்கூட நான் பொறுத்துக்குவேன், பெத்தவளுக்கு இதெல்லாம் பழக்கந்தான். அந்த ஒரு வரியை மட்டும் பொறுக்க முடியல. கப்ரால் போன அன்னைக்கு நான் உனக்கு நாலு வரிதான் எழுதினேன். அது என் தப்பு. இப்ப முழுசா எழுதுறேன். பிடிச்சாலும் பிடிக்காட்டாலும் கடைசி வரைக்கும் படி.

மொதல்ல அந்த 'என் நாய்'. உன் நாயா? உனக்குப் பதினோரு வயசு இருக்கும்போது உங்கப்பா கீழவாஞ்சூர்லேருந்து சைக்கிள் கூடையில வெச்சுக் கொண்டாந்த குட்டி அது. பட்டாளத்துல பிரெஞ்சுக்காரனுக்கு இருபது வருஷம் சலாம் போட்ட மனுஷன், ரிட்டையராகி வந்தப்புறம் அதிகாரம் பண்ண ஆள் இல்லாம நாய்க்குக் கப்ரால்னு பேரு வெச்சாங்க. தான் சார்ஜண்ட்டாம், அது தனக்கு அடுத்த கீழ் ரேங்காம். எங்கிட்ட தமிழ், உங்கிட்ட பாதிப் பாதி, நாய்கிட்ட மட்டும் சுத்தமான பிரெஞ்சு. உக்காருன்னு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அது திரும்பிப் பாக்காது. அவங்க மெதுவா 'அசீ'ன்னா உக்காரும், 'குஷே'ன்னா படுக்கும். ஒரு நாய்கிட்ட பிரெஞ்சு பேசி அதைப் படுக்க வைக்கிற அவசியம் எனக்கு இல்லன்னு நான் அந்த வார்த்தைங்களைச் சொன்னதே கிடையாது. நீயும் அவங்களும் சாயங்காலம் அதைக் கூட்டிக்கிட்டு அரசலாத்துப் பக்கம் போவீங்க. திரும்பி வந்ததும் சேத்துக் காலைக் கழுவி விட்டது யாரு? உண்ணி பொறுக்கினது யாரு? மீன் தலையைத் தனியா வேக வெச்சு, முள்ளெடுத்து, சோத்துல பெசஞ்சு வெச்சது யாரு? கொஞ்சுறது நீ, பீ அள்ளுறது நான். நம்ம வீட்டுப் பங்கு அப்படித்தான் பிரிஞ்சிருந்துச்சு. எனக்கு நாய் பிடிக்காது. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். பிடிக்காத நாயைப் பதினஞ்சு வருஷம் வளத்தவ நான். பிடிச்ச நாயை விட்டுட்டு பிளேன் ஏறினவன் நீ.

நீ போனதைக் குத்தமாச் சொல்லல. எழுபத்தேழு புயல்ல ஓடெல்லாம் பறந்து, நாம மூணு பேரும் நாயுமா ஒரே கட்டிலுக்கு அடியில கிடந்தோமே, அதுக்கு அடுத்த வருஷம் உங்கப்பா போயிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷம் நீ கிளம்பினே. நம்ம கையில பிரெஞ்சுக் குடியுரிமைக் காயிதம் இருக்கும்மா, பிரான்சுக்குப் போறேன், இங்க இருந்து நான் என்ன பண்ணப் போறேன்னு கேட்டே. இந்தத் தலத்தெருவுல எந்தப் பட்டாளத்து வீட்டுலதான் புள்ளை தங்கியிருக்கு? போன புதுசுல மாசம் ஒரு கடிதம் போட்டே. அதுல பாதி கப்ராலைப் பத்தி விசாரிப்பு. சாப்பிடுதா, தேடுதா, இன்னும் குரைக்குதா. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கடைசி வரியில வரும், இடம் இருந்தா.

இப்ப என் தப்புக்கு வர்றேன். அதை நீதான் சொல்லிக் காட்டணும்னு இல்ல, எனக்கே சொல்ல வாய் இருக்கு. நீ போய் ரெண்டு வருஷமாகியும் லீவுல வரல. போலகத்துல ஒரு பொண்ணு வீட்டுல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்களும் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குற குடும்பம், பொண்ணும் லட்சணமா இருந்தா. உனக்கு எழுதினா 'பாக்கலாம்'னு பதில் வரும். நம்ம ஊர்ல வெளியூர்ப் புள்ளை வராட்டி என்ன பண்ணுவாங்க? அப்பா சீரியஸ், உடனே புறப்படுன்னு தந்தி அடிப்பாங்க. அப்படி அடிச்சு வரவழைச்சு, வந்து இறங்குறவன் முன்னாடி அந்த அப்பாவே வெத்தலை போட்டுக்கிட்டு நின்ன கதையைச் சொல்லி நாம ரெண்டு பேரும் எத்தனை தடவை சிரிச்சிருப்போம். எனக்கு அந்த வழியும் இல்ல. உங்கப்பா ஏற்கனவே போயாச்சு. எனக்குச் சீரியஸ்னு அடிக்கலாம்னா வாய் வார்த்தை பலிச்சுடுமோன்னு பயம். தனியா இருக்குறவளுக்கு அந்தப் பயம் கூடவே இருக்கும். அந்த நேரம் பாத்துக் கப்ரால் கால்மாட்டுல படுத்திருந்துச்சு. நேரா தந்தி ஆபீசுக்குப் போய், 'கப்ரால் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி'ன்னு எழுதிக் குடுத்துட்டேன். கப்ரால்ங்கிறது யாரும்மா, வீட்டுக்காரரான்னு கிளார்க்கு கேட்டார். வீட்டு ஆளுதான்னேன். அந்த மனுஷன் பாவம், கவலைப்படாதீங்கம்மான்னு ஆறுதல் வேற சொன்னார்.

நீயும் வந்தே. கேட்டைத் திறக்குறதுக்குள்ள அது பாஞ்சு வந்து முன்னங்கால் ரெண்டையும் உன் சட்டையில வெச்சுச்சு. குத்துக்கல்லாட்டம் இருந்துச்சு. நீ அதோட கண்ணைப் பாத்தே, ஈறைப் பாத்தே, அப்புறம் என்னைப் பாத்தே. நான் காப்பி போடுறேன்னு உள்ள ஓடிட்டேன். நாய்க்கெல்லாம் ஃபாக்டரியில லீவு தர மாட்டான்னு, சித்தப்பா சாகக் கிடக்குறார்னு பொய் சொல்லிட்டு வந்தேன்னு அப்புறம்தான் சொன்னே. மூணாம் நாள் போலகத்துக்காரங்க பூவும் பழமுமா வந்து இறங்கினாங்க. அவங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் நீ கொல்லையில நாயைக் குளிப்பாட்டிக்கிட்டே இருந்தே. ஒரு மணி நேரம், சோப்புக் கட்டி தீர்ற வரைக்கும். நான் வெத்தலைத் தட்டைப் பாத்துக்கிட்டு அவங்க முன்னாடி உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணோட அம்மா கடைசியில, தம்பிக்கு நாய்னா உசிரு போலிருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சாங்க. மிச்சம் இருந்த நாள் பூராவும் நீ பக்கத்து வீட்டுச் செசிலி அக்காகிட்ட சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டே. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா அன்னையோட தீந்திருக்கும்.

அந்தப் பொய்க்கு நான் கட்டின விலைதான் இந்த வருஷம். சித்திரை வெயில்ல ஒரு நாள் காலையில கப்ராலுக்குப் பின்னங்கால் எழும்பல. முன்னங்காலால இழுத்துக்கிட்டு வந்துச்சு. கண்ணு ரெண்டும் பால் மாதிரி வெளுத்துப் போயி, காதும் கிட்டத்தட்ட போயிடுச்சு. ரிக்ஷாவுல தூக்கிப் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் அழுத்திப் பாத்துட்டு, வயசாச்சும்மா, இனிமே நடக்காது, வேதனை அதிகமாகும், சொன்னீங்கன்னா வீட்டுக்கே வந்து ஊசி போட்டு அமைதியா அனுப்பிடலாம், யோசிச்சுச் சொல்லுங்கன்னார். நான் யோசிக்கல, உனக்கு எழுதினேன். என்னைக் கேட்காமலேன்னு எழுதியிருக்கியே, கேட்டேனா இல்லையா? நீ என்ன பதில் போட்டே, ஞாபகம் இருக்கா? 'சித்தப்பா ரெண்டாம் தடவை சாக முடியாது அம்மா. இந்தத் தடவை எந்த ஊர்ப் பொண்ணு?' அதைப் படிச்சதும் எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ஆனா தப்புச் சொல்ல முடியல. புலி வருது புலி வருதுன்னவளுக்கு வேற என்ன கிடைக்கும்?

கீழயே இன்னொண்ணும் எழுதியிருந்தே. நிஜமாவே முடியலைன்னா ஆகஸ்ட்ல லீவுக்கு ஃபாக்டரியை மூடுவான், நான் வர்றேன், அதுவரைக்கும் யாரும் அது மேல கை வைக்கக் கூடாதுன்னு. உத்தரவு. நான் எழுதினா உனக்கு வந்து சேர பத்துப் பன்னெண்டு நாள். நீ நேரம் கிடைச்சுப் பதில் போட்டு, அது இங்க வர இன்னும் பன்னெண்டு நாள். காலை இழுக்குற நாயைப் பத்தி நான் எழுதினா, உன் பதில் வர்றப்போ அது படுத்த படுக்கை. படுக்கையில கிடக்குறதைப் பத்தி எழுதினா, பதில் வர்றப்போ அது சாப்பாட்டை நிறுத்திடுச்சு. வலி இங்க, தீர்ப்பு அங்க. உயிர் போற விஷயத்தைத் தபால்ல முடிவு பண்ண நெனச்ச முட்டாள்ங்க நாம ரெண்டு பேரும்தான்.

ஆகஸ்ட்டும் வந்துச்சு. நீ வரல. கடற்கரைப் படம் போட்ட கார்டு ஒண்ணு வந்துச்சு, ஸ்பெயின் தேசத்துலேருந்து. நம்ம ஊர்ல இல்லாத கடலா? பின்பக்கம், இந்த வருஷம் முடியல, டிசம்பர்ல கண்டிப்பா வர்றேன், கப்ராலுக்கு ஒரு முத்தம் குடுன்னு எழுதியிருந்தே. கூட யாரு இருந்தாங்கறது இப்ப கல்யாணச் செய்தி வந்தப்புறம்தான் புரியுது. முத்தமாம். அந்தக் கார்டு வந்த அன்னைக்கு அதோட இடுப்புப் புண்ணுல புழு வெச்சிருந்துச்சு. வேப்பெண்ணெயில கற்பூரத்தைக் கரைச்சு ஊத்தி, ஒவ்வொண்ணா வெளிய வரவர நான் எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். அது கத்தக்கூட இல்ல. உடம்பு மட்டும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நான் கையைக் கழுவிட்டு வந்து உன் கடற்கரையைப் பாத்தேன். தண்ணி நல்ல நீலமாத்தான் இருந்துச்சு.

செசிலி அக்கா தினம் வந்து பாப்பாங்க. உக்காந்து அதுக்கு விசிறிட்டுப் போவாங்க. ஒரு நாள் பொறுக்க முடியாம, தங்கச்சி, போதும், விட்டுடுன்னாங்க. அவன் வர்றேன்னு சொல்லியிருக்கான்க்கா, டிசம்பர் வரைக்கும் பாப்போம்னேன். அதுக்கு அவங்க என் முகத்தையே பாத்துட்டு, "அவன் வர்றதுக்காகவா இது கிடக்குது?"ன்னு கேட்டாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! உங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்கக்கான்னுட்டேன். முப்பது வருஷமா மூஞ்சியில முழிக்குற பொம்பளைகிட்ட அப்படிப் பேசினேன். நாலு நாள் அவங்க இந்தப் பக்கம் வரல. எது உண்மையோ அதுதானே சுருக்குன்னு குத்தும்.

ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. கொல்லைத் தாழ்வாரத்துல சாரல் அடிச்சு சாக்கெல்லாம் ஊறிப் போச்சு. நாளுக்கு மூணு தடவை சாக்கு மாத்தணும், தொடைக்கணும். அது சுத்தக்கார நாய்னு உனக்கே தெரியும். குட்டியிலேருந்து வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விட்டது கிடையாது. அன்னைக்கு மத்தியானம் அது அதுலயே கிடந்துச்சு. எனக்கு முழங்கால் வலி, மழை, ஈரத் துணி காயல, உன் கடிதமும் இல்ல. அது கழுத்துக்கடியில கை குடுத்துத் தூக்கினேன். புண்ணுல பட்டிருக்கணும். வெடுக்குனு திரும்பி என் மணிக்கட்டைக் கவ்விடுச்சு. பல்லு பாதி இல்ல, தோலு கொஞ்சம் கிழிஞ்சுது, அவ்வளவுதான். நான் அடிச்சுட்டேன். யோசிக்கல. உள்ளங்கையால அதோட மூஞ்சியில ஓங்கி ஒண்ணு. எந்திரிக்க முடியாத, கண்ணு தெரியாத நாயை அடிச்சேன். அடி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியல, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச்சு. நான் அந்த ஈரத்துலயே அது பக்கத்துல உக்காந்து அழுதேன். அப்புறம் எந்திரிச்சுப் போய், செசிலி அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, டாக்டரைக் கூட்டியாரச் சொல்லி ஆள் அனுப்புங்கன்னேன். குடையை எடுத்துக்கிட்டு அவங்களே போனாங்க.

டாக்டர் வந்தார். அசையாமப் பிடிச்சுக்குங்கம்மான்னார். நான் தலையை மடியில வெச்சுக்கிட்டு, படு, படுடான்னேன். அது நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் பதினஞ்சு வருஷமா நான் சொல்ல மாட்டேன்னு இருந்த வார்த்தையைச் சொன்னேன். 'குஷே'ன்னேன். ரெண்டு தடவை சொன்னேன், மூணாம் தடவை காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேன். அதுக்குக் கேக்கல. கேக்குற காலத்துல நான் சொல்லல. செசிலி அக்காதான் முன்னங்காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊசி போட்டு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது, மடியில பாரம் கூடிச்சு. மறுநாள் மழை விட்டதும் கொல்லையில முருங்கைக்குப் பக்கத்துல ஆழமாக் குழி வெட்டிப் புதைச்சாச்சு. நாலு வரியில நான் உனக்கு எழுதாம விட்டது இவ்வளவுதான். இன்னும் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கடிதமே.

டாக்டர் கையைக் கழுவிக்கிட்டே என்னைக் கேட்டார்: "சித்திரையிலயே சொன்னேனேம்மா. ஏன் இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?" புண்ணைப் பாத்துட்டுக் கேட்டார், மரியாதையாத்தான் கேட்டார், ஆனா அந்தக் கண்ணுல மரியாதை இல்ல. நான் சொன்னேன்: "மகன் பிரான்சுல இருக்கான். அவன் வைக்கச் சொன்னான்." அவர் ஒரு மாதிரி சிரிச்சுட்டு, அங்க இருந்துக்கிட்டு சுலபமாச் சொல்லிடுவாங்கன்னுட்டுப் போனார். ஆமான்னு நானும் தலையை ஆட்டினேன். உன்னை ஒரு அந்நியன்கிட்டக் காட்டிக் குடுத்துட்டு நின்னேன்.

அது பொய். தந்தியில அடிச்சதை விடப் பெரிய பொய். நீ சொன்னதுக்காக நான் எதைத்தான் செஞ்சிருக்கேன், இதைச் செய்ய? போலகத்துப் பொண்ணுக்குப் 'பாக்கலாம்'னு தள்ளிக்கிட்டே வந்தே, கேட்டேனா? உன் 'கை வைக்கக் கூடாது' எனக்கு ஒரு பொருட்டே இல்ல. அந்த உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே, டாக்டர் சொன்ன அன்னைக்கே ரிக்ஷாவுல திரும்பி வர்றப்போ எனக்குத் தெரியும், இதை அனுப்பிடணும்னு. அனுப்பல. அது மூச்சு விட்டுக்கிட்டு இருக்குற வரைக்கும் என்னைக்காவது நீ வருவேன்னு வெச்சிருந்தேன். தூண்டில்ல குத்தின புழு மாதிரி, ஒரு வாயில்லா ஜீவனை ஆறு மாசம் குத்தி வெச்சிருந்தேன். 'கொன்றுவிட்டீர்கள்'னு நீ எழுதினது தப்பு. கொல்ல வேண்டிய நேரத்துல நான் கொல்லல. என்னைத் திட்டணும்னா அதுக்குத் திட்டு, வாங்கிக்குறேன். இல்லாத குத்தத்தைத் தலையில வெச்சா வாங்க மாட்டேன்.

கல்யாணம் பண்ணிக்கப் போறே, அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லி வைக்கிறேன். இவ என்ன புத்தி சொல்றதுன்னு நீ நெனப்பே. விழுந்தவளுக்குத்தான் பள்ளம் எங்க இருக்குன்னு தெரியும். அந்தப் பொண்ணுகிட்ட உனக்கு ஏதாவது வேணும்னா, வேணும்னு கேளு. இன்னொண்ணை முன்னாடி நிறுத்திக் கேக்காதே. இந்த அஞ்சு வருஷத்துல நான் எழுதின கடிதத்தையெல்லாம், தூக்கிப் போடாம வெச்சிருந்தா, எடுத்துப் பாரு. வீட்டு வரி கட்டணும் வா, தென்னை சாஞ்சு நிக்குது வா, உன் கையெழுத்து வேணுமாம் வா, கப்ரால் உன்னைத் தேடுது வா. நாய் தேடிச்சாம்! அது எங்க தேடிச்சு, தின்னுட்டுத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நீயும் எனக்குப் பொறந்தவன்தானே? பொய்யாத் தந்தி அடிச்சு வரவழைச்சுப் போலகத்துக்காரங்க முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சியேம்மா, அதை நான் மன்னிக்கலன்னு எழுத உனக்குத் தைரியம் இல்ல. மூணு வருஷம் கழிச்சு நாயைக் கொன்னேன்னு எழுதுறே. நீயும் நானும் பேச வேண்டியதையெல்லாம் அந்த நாய் முதுகுல ஏத்தியே ஓட்டிட்டோம். பாவம், பின்னங்கால் விழுந்ததுல ஆச்சரியம் இல்ல.

டிசம்பர்ல வர்றேன்னு சொன்னியே, அது கப்ராலைப் பாக்க. இப்ப அது இல்ல. வரியை நான் கட்டிட்டேன். தென்னையை வெட்டியாச்சு. உனக்குன்னு எந்தப் பொண்ணையும் பாத்து வைக்கல, கட்டிக்கப் போறவளையும் கூட்டியா, மீன் சாப்பிடுவாளான்னு மட்டும் எழுது. இந்த வீட்டுல நீ வந்து பாக்குறதுக்குன்னு இனிமே ஒண்ணும் கிடையாது. நான் மட்டும்தான் இருக்கேன். அதுக்கு வர்றதா இருந்தா வா.

அம்மா